நல்லூர்க் குறிச்சிகள்: பெயரும் வரலாறும்

யாழ்ப்பாணத்தார் இருவர் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டால் "எந்த ஊர்?" என்ற வினாவே முதலில் எழும். ஊர்ப்பெயர் சொல்லப்பட்டதும் "ஊரிலே எவ்விடம்?" என்பது அடுத்த வினா. இரண்டாம் வினாவிற்கு விடையாக வருவதே குறிச்சிப் பெயர். ஊர்ப்பெயர் நாட்டுப் படத்தில் இடம்பெறும். அரசாங்கப் பதிவுகளிலும் இருக்கும். குறிச்சிப் பெயருக்கோ அங்கு வாழ்வோரின் நாவும் பெட்டகத்துக் காணி உறுதியுமே பெரும்பாலும் புகலிடம். சங்ககாலத்திற் குறிஞ்சி நிலத்தூரைச் சுட்டிய 'குறிச்சி' எனும் சொல், மலையே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஊரின் உட்பிரிவைக் குறிக்கும் சொல்லாக நிலைபெற்றமை தனியே ஆராயத்தக்கது.

குறிச்சிப் பெயர்களின் அருமையை உணர்வதற்கு நல்லூரைப் போன்ற சான்று வேறில்லை. யாழ்ப்பாண அரசின் தலைநகராக விளங்கிய அவ்வூரில், அரசர் காலத்துக் கட்டடம் என்று ஐயமின்றிச் சுட்டத்தக்கது ஒன்றேனும் முழுமையாக எஞ்சவில்லை. எஞ்சியவை பெயர்களே.

ஊரும் அதன் பெயரும்

'நல்லூர்' என்பது தமிழ் வழங்கும் நிலமெங்கும் காணப்படும் பெயர். வெண்ணெய்நல்லூர், சேய்ஞல்லூர், திருநல்லூர் எனத் தமிழகத்தில் நல்லூர்கள் பல. சோழர் காலக் கல்வெட்டுகளில் அரசர் பெயரோடும் விருதுகளோடும் 'நல்லூர்' எனும் ஈறு சேர்ந்த ஊர்ப்பெயர்கள் மிகுதியாக வருகின்றன. எனவே யாழ்ப்பாணத்து நல்லூரும் தமிழர் குடியேற்ற மரபின் பொதுப்பெயர் ஒன்றையே தாங்கி நிற்கிறது எனலாம். அயலிலுள்ள திருநெல்வேலி, பாண்டிநாட்டு ஊரின் பெயரை அப்படியே கொண்டிருப்பதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஊரார் வாயில் அது 'தின்னவேலி' என்றே வழங்குகிறது.

நல்லூர் தலைநகரான காலம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, கந்தசுவாமி கோயிலைப் புவனேகவாகு எனும் மந்திரி சக ஆண்டு 870இல் கட்டுவித்தான் என்று கூறும். கோட்டை அரசின் சார்பில் 1450இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, பின்னர் ஆறாம் புவனேகபாகு என முடிசூடிய செண்பகப்பெருமாளே அக்கோயிலை எடுப்பித்தான் என்பர் வேறு சிலர். கோயிற் கட்டியத்தில் சிறீ சங்கபோதி புவனேகபாகுவின் பெயர் இன்றும் கூறப்படுவதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். கல் அழிந்த பின்பும் ஒலியாக நின்ற ஒரு பெயரே அவ்வாதத்திற்கு அடிப்படையாயிருப்பது நோக்கத்தக்கது.

இடிபாட்டின் பின் எஞ்சியவை

போர்த்துக்கேயர் நல்லூர்மீது மும்முறை பெரும்படை நடத்தினர். 1560இல் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா நகரைக் கைப்பற்றியபோது அரசன் கோப்பாய்க்குப் பின்வாங்கினான். 1591இல் அந்திரே பூர்த்தாடோ த மென்டோன்சா படையெடுத்து, எதிர்மன்னசிங்கனை அரியணையில் ஏற்றினான். 1619இல் பிலிப் த ஒலிவேரா இறுதி அரசனான சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்தான். அவன் கோவாவிற்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. ஆட்சியிருக்கை யாழ்ப்பாணப் பட்டினத்திற்கு மாற்றப்பட்டது. கோயிற் கற்கள் பட்டினத்துக் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டன என்பது வழிவழி வரும் செய்தி.

அரண்மனையும் கோயிலும் ஒருங்கே போயின. எனினும் உழவரும் தொழிலாளரும் ஊரிலேயே தங்கினர். அவர்கள் தாம் வாழ்ந்த நிலத்தைப் பழைய பெயர்களாலேயே அழைத்து வந்தனர். அழித்தவன் கல்லைப் பெயர்த்தான். பேச்சைப் பெயர்க்க அவனால் இயலவில்லை.

நாற்றிசைக் கோயில்கள்

நகரின் எல்லையை அறிவதற்குத் துணைபுரிவன நான்கு கோயில்கள். கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயப் பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர் எனக் காவற் கோயில்கள் மதிலோரங்களில் அமைந்திருந்தமையை வைபவமாலை கூறுகிறது. இன்றுள்ள கட்டடங்கள் பிற்காலத்தில் மீள எழுந்தவை. ஆயினும் பெயரும் திசையும் மாறவில்லை. இந்நான்கையும் இணைத்துக் கோடு வரைந்தால் மறைந்த தலைநகரின் பரப்பு ஓரளவு புலனாகும். அக்கோட்டிற்குள்ளும் அதன் அயலிலுமே அரசோடு தொடர்புடைய குறிச்சிப் பெயர்கள் செறிந்திருக்கின்றன.

அரசிருக்கையின் பெயர்கள்

சங்கிலித்தோப்பு என்பது அரண்மனை நிலத்தின் பகுதியாகக் கருதப்படும் இடம். அரண்மனை போயிற்று, தோப்பு எஞ்சியது, தோப்பிற்கு அரசன் பெயர் எஞ்சியது. அதன் முகப்பில் நிற்கும் தோரண வாசலில் மேலைநாட்டுக் கட்டடக் கூறுகள் விரவியிருப்பதால் அதனை அரசர் காலத்ததாகக் கொள்வதில் தடையுண்டு. மந்திரிமனையின் நிலையும் இத்தகையதே. இன்று காணப்படும் கட்டடம் பிற்காலத்தது. அதன் பெயரோ முன்னைய நினைவைச் சுமப்பது. கட்டடத்தின் வயதும் பெயரின் வயதும் ஒன்றாயிருக்க வேண்டுமென்பதில்லை எனும் உண்மையை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

தோப்பின் அயலிலுள்ள யமுனா ஏரி 'ப' எழுத்தின் வடிவில் அமைந்தது. யமுனை நதியின் தீர்த்தம் காவடிகளிற் கொணரப்பட்டு அதிற் கலக்கப்பட்டதால் அப்பெயர் வந்தது என்பது மரபு. ஆறே இல்லாத குடாநாட்டில், வடநாட்டு நதியொன்றின் பெயரைக் குளத்திற்கு இட்ட அரசரின் மனவிருப்பம் இதில் தெரிகிறது. ஆற்றின் பெயரே அவர்களுக்கு ஓர் அணியாயிற்று.

பண்டாரக்குளம், பண்டாரமாளிகை எனும் பெயர்களில் வரும் 'பண்டாரம்' பலரை மயங்கச் செய்வது. பூத்தொடுக்கும் பண்டாரத்தையோ துறவியையோ இது குறிக்கும் எனக் கருதுவோர் உளர். யாழ்ப்பாண அரசில் 'பண்டாரம்' என்பது அரசகுலத்தார்க்குரிய பட்டப்பெயர். 1591இற் கொல்லப்பட்ட அரசன் புவிராச பண்டாரம் எனப்பட்டான். கருவூலம் எனும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. எனவே அரசர்க்குரிய குளம், அரசர்க்குரிய மாளிகை என்று பொருள்கொள்வதே பொருந்தும்.

முத்திரைச்சந்தை என்ற பெயரின் வரலாறு சுவையானது. விற்பனைக்கு வரும் பண்டங்களுக்கு அரச முத்திரை இடப்பட்ட சந்தை என்பது மரபுவழி விளக்கம். சந்தை மறைந்து வீதிகள் கூடும் இடமாக அது மாறியபின் மக்கள் வழக்கில் 'முத்திரைச்சந்தி' ஆயிற்று. ஓரெழுத்தின் மாற்றத்தில் ஓர் ஊரின் பொருளியல் வீழ்ச்சி அடங்கிக் கிடக்கிறது. பழைய கந்தசுவாமி கோயில் இப்பகுதியிலேயே இருந்தது என்பர். இன்று அங்குப் பரிசுத்த யாக்கோபு தேவாலயம் நிற்கிறது.

இப்போதைய கந்தசுவாமி கோயில் அமைந்த இடம் குருக்கள்வளவு. ஒல்லாந்தர் ஆட்சியின்போது, 1734இல், இரகுநாத மாப்பாண முதலியார் அவ்விடத்திற் கோயிலை அமைத்தார். 'வளவு' என்பது வீடும் அதனைச் சூழ்ந்த நிலமும் சேர்ந்தது. வெளிப்படையான வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் சமயம் குடிமனையின் வேலிக்குள் ஒடுங்கியிருந்தமையை இப்பெயர் நினைவூட்டுகிறது. இன்று பல்லாயிரவர் திரளும் தேர்வீதி ஒரு காலத்தில் ஒரு குருக்களின் வீட்டுநிலமாயிருந்தது.

மண்ணும் மரமும்

குறிச்சிப் பெயர்கள் யாவும் அரசரைச் சார்ந்தவை அல்ல. பெரும்பாலானவை மண்ணைச் சார்ந்தவை. சுண்ணக்கற்பாறைமேல் மெல்லிய மண்படிவு கொண்ட குடாநாட்டில், நிலத்தின் தரத்தை ஒரு சொல்லில் உணர்த்தப் பெயரீறுகள் உதவின. பாறை மேலெழுந்த கல்நிலம் 'கலட்டி'. மழைநீர் தேங்கும் பள்ளநிலம் 'தாழ்வு'. மேட்டுநிலம் 'பிட்டி', 'திட்டி'. உவர் படிந்த புல்வெளி 'தரவை'. விளைநிலம் 'புலம்'. வேலியிட்டு வளைத்த நிலம் 'அடைப்பு'. கொக்குவில், இணுவில், கோண்டாவில் என அயலூர்ப் பெயர்களில் வரும் 'வில்' நீர்நிலையைக் குறிப்பது. சிங்களத்தில் 'வில' எனும் சொல்லும் இப்பொருளதே. கிணறு தோண்டுவோனுக்கும் வீடு கட்டுவோனுக்கும் இப்பெயர்கள் முன்னெச்சரிக்கைகள். 'தாழ்வு' என முடியும் காணியில் வீடு கட்டுவோன் மாரிகாலத்து வெள்ளத்தை எதிர்பார்த்தே கட்டவேண்டும்.

மரப்பெயரோடு 'அடி' சேர்ந்து அமைந்த குறிச்சிப் பெயர்கள் மிகப் பல. நல்லூர்ப் பகுதியிலுள்ள 'அரசடி'யை அரசன் அடி பதித்த இடமென விளக்குவாருண்டு. தலைநகருக்கு அண்மையில் இருப்பதால் அவ்விளக்கம் கேட்பதற்கு இனிது. ஆனால் ஆலடி, புளியடி, வேம்படி, இலுப்பையடி எனக் குடாநாடெங்கும் 'அடி' மரத்தோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே அரசடியும் அரசமரத்தடியே எனல் நேரிது. அரசனின் அடியைவிட அரசமரத்தின் நிழலே வழிப்போக்கருக்குப் பயன்பட்டிருக்கும். பெயராய்வில் ஒரு பெயரைத் தனித்து நோக்காது அதன் இனப்பெயர்களோடு வைத்து நோக்கவேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

குடிகளும் தொழில்களும்

தலைநகரைச் சூழ்ந்து வணிகரும் கைவினைஞரும் தனித்தனியே குடியமர்ந்தனர். நல்லூரிற் செட்டித்தெரு எனும் பெயர் வணிகரின் இருப்பைக் காட்டுகிறது. அயலிலுள்ள பட்டினப் பகுதியிற் தட்டாதெரு, கன்னாதிட்டி, வண்ணார்பண்ணை முதலிய பெயர்கள் உள்ளன. தட்டார் தெரு தட்டாதெரு ஆகவும், கன்னார் திட்டி கன்னாதிட்டி ஆகவும் மருவின. பொற்கொல்லரும் வெண்கலக் கன்னாரும் அத்தெருக்களிற் செய்த அணிகளும் பாத்திரங்களும் ஊருக்குப் பெருமை சேர்த்தன.

ஆனால் இவ்வகைப் பெயர்களில் பெருமையோடு துயரும் கலந்தே இருக்கிறது. "ஊரிலே எவ்விடம்?" என்ற வினா எப்போதும் வழியறியும் வினாவாக இருந்ததில்லை. கேட்கப்படுவோனின் சாதியை மறைமுகமாக அறிவதற்கும் அது கருவியாயிற்று. குறிச்சிப் பெயரைச் சொல்லக் கூசிய மாணவரும், அயற் குறிச்சியின் பெயரைத் தம் முகவரியாக எழுதிய உத்தியோகத்தரும் யாழ்ப்பாணத்தில் இருந்தனர். இதனை மறைத்துக் குறிச்சிகளின் வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது.

பெயர் மாற்றங்களையும் இந்நோக்கிலேயே அணுகவேண்டும். நல்லூரின் வடகிழக்கே உள்ள கல்வியங்காடு முற்காலத்திற் 'கள்ளியங்காடு' என வழங்கியது. கள்ளி படர்ந்த வறுநிலம் என்பது அதன் பொருள். கள்ளி போய்க் கல்வி வந்தது. சொல்லாராய்ச்சியாளருக்கு இது திரிபு. அங்கு வாழ்ந்தோருக்கோ இது விருப்பம். தம் பிள்ளைகள் கற்று உயர வேண்டும் என்ற அவாவின் வெளிப்பாடு. பழைய பெயரை ஏட்டிற் பதிவதும் புதிய பெயரை நாவில் மதிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல.

நல்லூரின் பழைய குடிகளுள் முஸ்லிம் மக்களும் இருந்தனர். அவர்கள் கோயிலருகே குடியிருந்து, பின்னர் நாவாந்துறைப் பக்கம் சென்றமைந்தனர் என மரபு கூறும். கோயிலின் மேற்குப்புறத்தில் முஸ்லிம் பெரியார் ஒருவரின் அடக்கத்தலம் இருந்ததென்ற செவிவழிச் செய்தியும் ஊரில் உண்டு. அவர்கள் வாழ்ந்த சோனகத்தெரு பட்டினத்தில் உள்ளது. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது தெரு வெறுமையாயிற்று; பெயர் மட்டும் நின்றது. பின்னாளில் மீண்டவர்களுக்கு அப்பெயர் அவர்களுடைய உரிமையின் சான்றாயிற்று.

தோம்பும் உறுதியும்

குறிச்சிப் பெயர்களும் காணிப் பெயர்களும் பேச்சில் மட்டும் நின்றிருப்பின் பல தலைமுறைகளைக் கடந்திரா. அவற்றை எழுத்திற் காத்தவை அந்நியராட்சியின் வரிப்பதிவேடுகளே என்பது வியப்புக்குரியது. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்த 'தோம்பு' எனும் நிலப்பதிவேடு, காணியின் பெயர், உரியவர், வரி ஆகியவற்றைக் குறித்தது. ஊரை வறிதாக்க வந்த வரி ஊரின் பெயர்களைக் காத்துத் தந்தது.

1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் காணி விற்பனையில் உரித்தாளருக்கும் அயற்காணிக்காரருக்கும் முன்னுரிமை அளித்தது. ஒல்லாந்தர் காலத்தில் விற்பனை பற்றிய அறிவித்தல் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து வாசிக்கப்பட்டது. இன்ன ஊரில் இன்ன பெயருடைய காணி என்று சபையறிய அறிவிக்கப்பட்டபோது பெயர்கள் செவிவழியாகவும் நிலைபெற்றன.

இம்மரபு காணி உறுதிகளில் தொடர்ந்தது. யாழ்ப்பாணத்து உறுதி ஒன்றை விரித்தால் ஊர், காணிப்பெயர், பரப்புக் கணக்கு, நாற்புற எல்லைகள் என்ற ஒழுங்கில் அது செல்லும். எல்லைகள் கூறும்போது அயற்காணிகளும் ஒழுங்கைகளும் வெட்டுவாய்க்கால்களும் பெயரோடு வரும். நொத்தாரிசு எழுதிய நடை வறண்டது. ஆனால் நூறாண்டுக்கு முற்பட்ட குறிச்சியின் படம் அதில் தீட்டப்பட்டிருக்கும்.

அழியும் பெயர்களும் பெயர்க்கு நேர்ந்த துயரும்

1963இல் விதானையார் பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம சேவையாளர் முறை வந்தது. காலப்போக்கில் பிரிவுகள் எண்களால் அறியப்பட்டன. வீதிகளுக்குப் பெயர்ப்பலகை நாட்டப்பட்டு, வீடுகளுக்கு இலக்கம் இடப்பட்டது. கடிதம் விரைந்து சேர இவை உதவின. ஆனால் குறிச்சிப் பெயர் முகவரியிலிருந்து நழுவிற்று. முகவரியில் இல்லாத பெயர் அடுத்த தலைமுறையின் நாவிலும் இல்லாது போகும்.

இதனினும் பெரிய முறிவு 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் நேர்ந்தது. படையெடுப்பின் காரணமாக வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுமையாக ஊரைவிட்டு அகன்றனர். நல்லூரும் வெறிச்சோடிற்று. செம்மணி வழியாகவும் நாவற்குழி வழியாகவும் தென்மராட்சி நோக்கிச் சென்ற அந்த நெரிசலில் காணி உறுதிகளை மடியிற் கட்டிச் சென்றவர்களும் உண்டு. வழியில் அவற்றை இழந்தவர்களும் உண்டு. மீண்டு வந்தோருட் பலர் எல்லைவேலியும் வழிகாட்டிய மரங்களும் அழிந்திருக்கக் கண்டனர். உறுதியை இழந்தவர் காணிப் பதிவகத்தை நாடியபோது, காணிப்பெயரும் எல்லைகளுமே தேடுதற்குத் துணையாயின. பாட்டனார் வாயிற் கேட்ட பெயரை நினைவில் வைத்திருந்தவர் பேறுபெற்றவர்.

செம்மணியின் பெயருக்கு நேர்ந்தது வேறு. தலைநகரின் கிழக்கு வாயிலை நோக்கி வரும் வழியாகவும், உவர்வெளியாகவும், உப்பளமாகவும் அறியப்பட்டிருந்த அவ்விடத்தின் பெயர், அங்குக் கொன்று புதைக்கப்பட்டோர் பற்றிய செய்தி 1998இல் வெளிவந்து, 1999இல் நிலம் அகழப்பட்டபின், புதைகுழி எனும் பொருளையே தருவதாயிற்று. 2025இல் அரியாலைச் சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் மேலும் பல எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அயலார் மட்டுமே அறிந்திருந்த சித்துப்பாத்தி எனும் பெயர் உலகச் செய்திகளில் ஒலித்தது. பாத்தி என்பது பயிரிடுவோரின் சொல். பெயரிட்ட முன்னோர் இப்படி ஒரு நாளை எண்ணியிருக்க மாட்டார்கள். காணாமற் போன தம் பிள்ளைகளைத் தேடுவோருக்கு ஓரிடத்தின் சரியான பெயர் எத்துணை இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

செய்யத்தக்கவை

கல்லடி வேலுப்பிள்ளை 1918இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ கௌமுதி ஊர்ப்பெயர் ஆய்விற்குப் பாதை சமைத்தது. நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை வெளியிட்டுச் செவிவழிச் செய்தியையும் சான்றையும் பிரித்துணரும் நெறியைக் காட்டினார். அவர்கள் பெரிதும் ஊர்களை ஆராய்ந்தனர். குறிச்சிகளின் பெயர்த்தொகுப்பு இனித்தான் முழுமைபெற வேண்டும்.

அப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. குறிச்சிதோறும் முதியோர் சொல்லும் பெயர்களைச் சொல்லுமாறே ஒலி பிறழாது எழுதுதல் வேண்டும். வீட்டிலுள்ள பழைய உறுதிகளிற் காணிப்பெயர்களைப் படியெடுத்தல் வேண்டும். பெயர்க்காரணமாகக் கூறப்படும் கதையைக் கதையென்றும், சான்றுடையதைச் சான்றுடையதென்றும் வேறுபடுத்திக் குறித்தல் வேண்டும். இழிவு கருதிக் கைவிடப்பட்ட பெயர்களை மீண்டும் வழக்கிற்குக் கொணராது, ஆவணத்தில் மட்டும் உண்மையோடு பதிதல் வேண்டும். ஊர்ப் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் இலக்கிய வட்டங்களும் தத்தம் குறிச்சியளவில் இதனை மேற்கொண்டால் சில ஆண்டுகளில் ஊரின் பெயரேடு உருவாகிவிடும்.

நல்லூரின் கோயிலை இடிக்கப் படை வேண்டியிருந்தது. அதன் குறிச்சிப் பெயர்கள் அழிவதற்குப் படை வேண்டியதில்லை. கேட்பாரும் சொல்வாரும் இல்லாத ஒரு தலைமுறை போதும். பண்டாரக்குளம் எங்கே என்று வினவும் சிறுவனுக்குக் கைநீட்டிக் காட்டவும், அப்பெயர் வந்த காரணத்தைச் சொல்லவும் வல்ல முதியோர் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று கேட்டெழுதுதலே இப்போது செய்யவேண்டிய முதற்பணி.